டெமோ அண்ணன் படித்த முதல் நாள்கள்

பெங்களூரில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் எல்லா கோர்ஸிலும் முதல் நாள் மட்டும் படித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். மர்பி டவுனில் என்னோடு ஒரே அறையில் இருந்த டெமோ அண்ணன்.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிவிடுவார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சென்டர்கள் முதல் வகுப்பை இலவசமாக நடத்தும். அதற்கு டெமோ என்று பெயர். டேட்டாபேஸ் டெமோ, டிஸ்க்கில் இருப்பதை டேப்பில் நகல் எடுத்து வைக்கும் பேக்கப் டெமோ, டிஸ்க்குகளை எல்லாம் ஒன்றாகக் கோர்க்கும் புது ஸ்டோரேஜ் டெமோ, எதையும் விடமாட்டார். இரண்டாம் நாள் எங்கேயும் போகமாட்டார்.

"ஏன்ணா, ஏதாவது ஒண்ணுல சேர வேண்டியதுதானே?"

"ஒண்ணுல சேர்ந்துட்டா மத்ததெல்லாம் கைவிட்டுப் போயிடுமேடா!"

சென்டர்காரர்கள் கேட்டால் வீட்டுக்கார அம்மாவின் போன் நம்பரை எழுதிக்கொடுத்துவிடுவார். ஒருநாள் அந்த அம்மா மாடிப்படியில் நின்று கத்தினார். "ஏம்ப்பா, யாரோ ஒரு பொண்ணு போன் பண்ணி, சார் எப்ப கிளாஸ்ல சேர்றாருன்னு உயிர எடுக்குது. மொதல்ல பாத்ரூம் பல்ப மாத்தட்டும், அப்புறம் சேரட்டும்னு சொல்லி வெச்சிட்டேன்!"

இந்த நேரத்தில்தான் என் கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. அமெரிக்காவில் யாருக்கோ தும்மல் வந்ததற்கு எனக்கு வேலை போயிற்று. ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைக்காவிட்டால் திருப்பத்தூரில் என் கூடப்பிறந்த அண்ணனின் பாத்திரக் கடையில் உட்கார வேண்டும் என்று அப்பா தீர்ப்பு எழுதிவிட்டார். ஒரே ஒரு கோர்ஸ் படிக்கத்தான் அவகாசம். எதைப் படிப்பது? பேப்பரில் ஒன்று சொன்னார்கள், பஸ்ஸில் ஒன்று சொன்னார்கள். யோசித்து யோசித்து எனக்கே சலித்துவிட்டது. கடைசியில் டெமோ அண்ணனிடம் போய் நின்றேன்.

"டேப் படி" என்றார்.

"அது செத்துப்போகப் போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணா."

"எல்லா டெமோலயும் ஒரே கேள்வி கேட்டுப் பாத்துட்டேன்டா. உங்க டிஸ்க் படுத்துட்டா என்ன சார் பண்ணுவீங்கன்னு. டேட்டாபேஸ்காரன், ஸ்டோரேஜ்காரன், எல்லாரும் கடைசில டேப்புலருந்து எடுப்போம்னுதான் சொல்றான். எல்லாரும் ஓடி வந்து நிக்கற எடத்துல நீ போய் உக்காரு."

உட்கார்ந்தேன். நான்கு மாதம் படித்தேன். பிறகு, தனித்தனியாக அழைப்பு அனுப்பாமல் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கூப்பிடும் வாக்-இன்களுக்கு அலைந்தேன். ஒன்பது இடத்தில் "கால் பண்றோம்" என்றார்கள். என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

பத்தாவது இடத்துக்கு டெமோ அண்ணன் துணைக்கு வந்தார். பேக்கப் எடுக்க ஒரே ஒரு ஆள்தான் வேண்டுமாம். வரிசையிலோ நூறு பேர். "வந்தது வந்துட்டோம்" என்று அவரும் ஒரு பயோடேட்டாவை நீட்டினார். எனக்கு முன்னால் அவரைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அவருக்கு முன் போனவர்கள் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். இவர் அரை மணி நேரமாகியும் வரவில்லை. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வேறு. துணைக்கு வந்தவரே என் வேலையைத் தூக்கிக்கொண்டு போகிறாரே என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன். பாத்திரக் கடையில் நான் தூக்குச்சட்டி விற்பது கண்முன் வந்தது.

வெளியே வந்தவர், "உள்ள போடா, உன்னைத்தான் கூப்பிடறாங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு இரண்டே கேள்வி. வேலை கிடைத்துவிட்டது.

சேர்ந்து சில மாதம் கழித்து, டீ குடிக்கும்போது மானேஜர் சொன்னார். "உன் ஃபிரெண்டு பலே ஆளுப்பா. என்ன கேட்டாலும் கொஞ்சம் தெரிஞ்சிருந்துது, எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சேர்ந்துக்கோ, மீதியை நாங்க சொல்லித் தர்றோம்னோம். வேணாம் சார், இந்த வேலைக்கு நாலு மாசம் ஒழுங்கா படிச்சவன் வெளிய நீலச் சட்டைல உக்காந்திருக்கான், அவனுக்குக் குடுங்கன்னுட்டான்."

அண்ணன் அதுவரை என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் வேறு ஏதோ டெமோவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். வாக்-இன் அன்று வெளியே உட்கார்ந்து அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்ததற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்தால், அவரை எவ்வளவு பிடிக்கும் என்பதையும் சொல்லி அழுதுவிடுவேன்.