துவைக்காத சட்டைப் பரணி

"துவைக்காத சட்டையவா அனுப்பப் போற? அங்க இருக்குற பசங்க என்ன நினைப்பானுங்க? வீட்ல ரெண்டு பொம்பளைங்க இருந்தும் ஒரு சோப்புக்கட்டிக்கு வக்கில்லன்னு சிரிக்க மாட்டானுங்க?"

"உங்க பிள்ளை கேட்டதே அதைத்தான், அத்தே. 'துவைக்காம அனுப்பு'ன்னு மெசேஜ் போட்டிருக்காரு. காட்டட்டுமா?"

"அவன் கேப்பான். சின்ன வயசுல சுவத்துச் சுண்ணாம்பைக்கூட நக்கணும்னு கேட்டான். விட்டேனா?"

இவ்வாறு மருமகளும் மாமியாரும் சமையலறையின் இரு கரைகளில் நின்று சொல்லம்பு தொடுத்துக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலக் காலையிலே, மூளவிருந்த பெரும்போரின் அறிகுறி எதுவும் வானில் தெரியவில்லை. எனவே நாம் முறைப்படி வாழ்த்திலிருந்தே தொடங்குவோம்.

வாழ்க யாரினா! போல்டாவா நகரின் பழங்கட்டடம் ஒன்றில், லிஃப்ட் வைக்கக் கட்டியவர்களே மறந்துபோன ஐந்தாம் மாடியில், இடுப்பில் மகளையும் கையில் தண்ணீர்க் கேனையும் பல்லிடையில் சாவிக்கொத்தையும் தாங்கி நாள்தோறும் ஏறியிறங்கி, மலைநாட்டு மன்னரும் நாணத்தக்க கெண்டைக்கால் பெற்ற கோமகள் வாழ்க! கணவன் போர்முனை சென்ற நாள்முதல் குழாய்க்குத் துணி சுற்றியும், உடைந்த சன்னலுக்கு அட்டை ஒட்டியும், மழலைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவர் ஆகியும், வராவிட்டால் குதிரை ஆகியும் அரசாண்ட ஒற்றைக்கொடி வேந்து வாழ்க!

அவளை எதிர்நின்ற ரயீசாவும் வாழ்க! ஒரே மகன் நாசாரைப் போருக்கு வழியனுப்பிய மறுவாரமே மூன்று பெட்டிகளோடும் ஒரு மாவுக்கட்டையோடும் மருமகளின் கோட்டைக்குள் புகுந்து, உப்பு ஜாடியை இடம் மாற்றித் தன் வருகையை உலகறியச் செய்தவள். கசகசா ரொட்டிக்குப் பேரரசி. அழுக்கைக் கண்டால் சினவேங்கை.

நடுவே மின்னணங்கே, நீயும் வாழ்க! நீ இன்றி இக்காதை நடந்திராது. நீ ஒழுங்காக வந்திருந்தாலும் நடந்திராது.

போரின் காரணம் இது. அந்தச் சமையலறையில் சலவை இயந்திரம் ஒன்று உண்டு, மின் அடுப்பு ஒன்று உண்டு. இரண்டின் பசியையும் தாங்கும் பிளக் பாயிண்டோ சுவரில் ஒன்றே ஒன்றுதான். அமைதிக்காலத்தில் அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. காலையில் துவைத்தார்கள், மாலையில் சுட்டார்கள். இப்போதோ மின்வாரியத்தார் வண்ண வண்ணக் கட்டங்களாக அட்டவணை ஒன்று வெளியிடுவார்கள், மின்சாரம் அதைப் படிக்காமலே வரும், படிக்காமலே போகும். சில நாட்களாக அது ஊரெல்லாம் உறங்கும்போது வந்து, உறக்கம் கலையுமுன் போய்க்கொண்டிருந்தது. இதற்கிடையில் குழந்தை ஒரிஸ்யாவுக்கு வயிற்றுக் கோளாறு. விரிப்பு, போர்வை, காலுறை, காற்சட்டை என வீட்டின் துணியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து, சமையலறை மூலையில் மணமிக்க மலையொன்று எழுந்து நின்றது.

அன்று பகல் கிரிலோவின் வேன் போர்முனைக்குப் புறப்படுகிறது. மாதம் ஒருமுறை அக்கம்பக்கத்தாரின் பொட்டலங்களைச் சுமந்து செல்லும் அந்த வேனில் மகனுக்குக் கசகசா ரொட்டி போயாக வேண்டும் என்பது ரயீசாவின் சூளுரை. விடியுமுன்பே மாவைப் பிசைந்து, வீட்டில் வேறெங்கும் கதகதப்பு இல்லாமையால் அதைத் தன் கட்டிலிலேயே படுக்கவைத்துப் போர்வையும் போர்த்தியிருந்தாள். மாவும் அங்கே இளவரசன்போல் உறங்கி உப்பிக்கொண்டிருந்தது.

யாரினா அனுப்ப வேண்டியது ஒரே ஒரு பொருள். நாசார் வீட்டைவிட்டுப் போனபோது மகள் தவழக்கூட இல்லை. "முகம் போன்ல தெரியுது. வாசனைதான் மறந்துபோச்சு. அவ போட்டுக் கழட்டின சட்டை ஒண்ணு அனுப்பு. துவைக்காம," என்று அவன் எழுதியிருந்தான். நீலப் பூப்போட்ட சட்டை ஒன்றைக் கழற்றிய சூட்டோடு மடித்துப் பையிலிட்டு, அந்தப் பையை நாற்காலி முதுகில் மாட்டிவைத்திருந்தாள். அதைக் கண்டுதான் மாமியார் பொங்கினாள். அங்கேதான் நாம் உள்ளே நுழைந்தோம்.

அப்போது கீழ்வீட்டுக்காரர் வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டினார். அந்தக் கட்டடத்தின் போர்முரசு அது. தட்டினால் மின்சாரம் வந்துவிட்டது என்று பொருள்.

அட்டவணை நண்பகல் என்றது. ஆனால் வந்துவிட்டது! ஐந்து மாடிகளிலும் குளிர்பெட்டிகள் யானைக்கூட்டம்போல் ஒருசேரப் பிளிற, மறந்துபோய் அணைக்காமல் விட்ட விளக்குகள் பட்டப்பகலில் பல்லிளிக்க, படிக்கட்டெங்கும் கதவுகள் அறைபட, எங்கோ ஒரு ஹேர் டிரையர் சங்கென முழங்க, இரு பெண்டிரும் ஒருவரையொருவர் நோக்கினர். ஒரு கணம். பிறகு இருவரும் அந்தச் சுவர்த்துளையை நோக்கினர்.

"அடுப்பு!" என்று முழங்கினாள் ரயீசா.

"மெஷின்!" என்று கர்ஜித்தாள் யாரினா.

இருபெரும் கடல்கள் ஒரு மடைவாயில் நுழைய முனைந்தாற்போல், மேசைக்கும் குளிர்பெட்டிக்கும் இடைப்பட்ட, ஒருவர் ஒருக்களித்தே போகக்கூடிய அந்தக் கணவாயில் இருவரும் பாய்ந்தனர். அடுப்பின் பிளக்கை வேலென ஏந்தி வலப்புறத்தால் வந்தாள் மாமியார்; இயந்திரத்தின் பிளக்கை வாளென உருவி இடப்புறத்தால் வந்தாள் மருமகள்; முழங்கை முழங்கையோடு மோதியது, செருப்பு செருப்பை மிதித்தது, உப்பு ஜாடி உருண்டோடிப் போர்க்களத்துக்கு வெண்மணல் தூவிற்று.

"தள்ளு பொண்ணே! மாவு எழும்பிடுச்சு, இனி காத்திருக்காது!"

"பீ விரிப்பு மட்டும் காத்திருக்குமா, அத்தே? அது எழும்பி நாலு நாளாச்சு!"

"என் புள்ள அங்க காஞ்ச பிஸ்கட்டைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்குறான்!"

"உங்க பேத்திக்கு நாளைக்குப் போட ஜட்டி இல்ல. ரொட்டியவா கட்டிவிடுவீங்க?"

வெற்றி எவர்பக்கம் என்று விண்ணவரும் அறியாது விழித்த அவ்வேளையில், இதுவரை எந்தப் படையிலும் சேராமல் மேசைக்கடியில் அமர்ந்திருந்த மூன்றாவது வல்லரசு களமிறங்கியது. இரண்டரை வயதினள் ஒரிஸ்யா, தேனில் அரைத்து வைத்திருந்த கசகசாக் கிண்ணத்தை எட்டிப்பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு, கருமை பூசிய வாயோடு வெற்றிமுழக்கம் செய்தபடி கூடத்தை நோக்கி ஓடலானாள்.

"ஐயையோ, கசகசா! பிடி! பிடி! அடியே, ராத்திரி வரைக்கும் தூங்கிக்கிட்டே இருப்படி!"

வேலைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள் ரயீசா. வீரமரபு அறிந்தோர் இத்தகைய நேரத்தில் பகைவர் திரும்பும்வரை காத்திருப்பர். யாரினா காத்திருக்கவில்லை. பிளக்கைச் சுவரில் அறைந்தாள். இயந்திரத்தின் வாயைத் திறந்தாள். மின்சாரம் இருக்கும் சிறுபொழுதுக்குள் வாழ்நாள் வேலையெல்லாம் முடிக்கப் பழகிப்போன அந்நகரத்துக் கைகள், வந்துவிட்டது என்ற ஒலி கேட்டதும் கண்ணையோ கருத்தையோ கலந்தாலோசிப்பதில்லை. மலையைப் பெயர்த்தாள், தரையில் கிடந்ததை அள்ளினாள், கொக்கியில் தொங்கியதை உருவினாள், நாற்காலியில் இருந்ததை உதறினாள், யாவற்றையும் அந்த வட்டவாயில் திணித்து, முழங்காலால் நெட்டிக் கதவடைத்து, தூள் கொட்டி, குமிழைத் திருகினாள். தண்ணீர் பாய்ந்தது. இயந்திரம் உறுமிற்று. நிலமிசை நீடுபுகழ் நாட்டிவிட்ட மன்னர்போல் அதன்மேல் கையூன்றி நின்றாள்.

அறுபதைத் தொட்ட மூச்சிரைப்போடு, அக்குளில் பேத்தியும் கையில் பாதிக் கிண்ணமுமாகத் திரும்பிவந்த ரயீசா, வசைமாரி பொழிவதற்காக வாயைத் திறந்தாள். திறந்த வாய் மூடவில்லை. அவள் கண் இயந்திரத்தின் கண்ணாடியில் நிலைத்திருந்தது. அங்கே நுரைக்கிடையில், நீலப் பூப்போட்ட சிறு சட்டைக்கை ஒன்று எழுந்து, ஒட்டி, வழுக்கி மறைந்தது.

"யாரினா," என்றாள் மெல்ல. "அந்தப் பை எங்கடீ?"

பை நாற்காலியடியில் வெறுமையாய்க் கிடந்தது.

சூளுரைத்தவளே சூளை முறித்தாள்! துவைக்கவே கூடாது என்று ஒரு காலைப்பொழுது முழுதும் வாதாடிய அதே கையால் துவைத்தாள்! குனிந்து கண்ணாடியின்மேல் நெற்றியை வைத்து நின்றாள் யாரினா. ரயீசாவுக்கு வாய்த்ததோ வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் தருணம். மாமியார்குலம் முழுதும் அவளிடம் ஒரு சொல்லை எதிர்பார்த்தது. அவள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, உப்பைப் பெருக்கத் தொடங்கினாள்.

அப்போது இயந்திரம் நின்றது.

குளிர்பெட்டி அடங்கியது. ஹேர் டிரையர் அடங்கியது. எங்கோ தொலைவில், ஓர் ஊரின் ஆண்டு வருமானத்தை விழுங்கிச் செய்யப்பட்ட ஏவுகணை ஒன்று, எல்லையும் ஆறுகளும் தாண்டி, கச்சிதமாகக் குறிபார்த்து ஒரு துணை மின்நிலையத்தின்மேல் இறங்கியிருந்தது. ஏவியவர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியை அழித்துவிட்டுத் தம் வீரத்தை மெச்சி மார்பில் பதக்கம் குத்திக்கொள்வார்கள். அவ்வெற்றியின் விவரம் பின்வருமாறு: போல்டாவாவின் ஐந்தாம் மாடியொன்றில் குழந்தையின் காலுறைகள் சோப்புநீரில் நின்றன, கசகசா ரொட்டி மாவாகவே இருந்துவிட்டது, இயந்திரத்தின் கதவு பூட்டிக்கொண்டது, இனி அது மின்சாரம் வந்தால்தான் திறக்கும். நம் பக்கத்திலும் ஒரு கனவான் அன்று மாலை செய்தியில் தோன்றி, ஒளிவெள்ளத்தில் அமர்ந்தபடி, உறுதியோடிருங்கள் என்று இவர்களைக் கேட்டுக்கொள்வார். மின்சாரம் இல்லாததால் இவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள்.

சைரன் வழக்கம்போல் எல்லாம் முடிந்தபின் ஊளையிட்டது. அதையும் மிஞ்சிக் கீழே வேன் ஹாரன் ஒலித்தது.

"யாரினா அக்கா! பொட்டலம் இருந்தா போடுங்க! சைரன் அடிக்குது, நிக்க முடியாது!" என்று கூவினார் கிரிலோ.

"ரெண்டே நிமிஷம்!" என்று சன்னல் வழியே கூவினாள் ரயீசா. "காலைக் காபி ஆத்திக் குடிக்க நேரம் இருக்கும், என் பையனுக்கு ரெண்டு நிமிஷம் இருக்காதா?"

அவள் திரும்பினாள். யாரினாவும் திரும்பினாள். அந்த வீட்டில் துவைக்காத துணி இன்னும் ஒன்று மீந்திருந்தது. முந்தாநாள் முதல் கழற்றாதது. மஞ்சள் கம்பளியில் பின்னியது. நெஞ்சில் கஞ்சியும் கழுத்தில் எச்சிலும் பூண்டது. சற்றுமுன் தேனும் கசகசாவும் விழுப்புண்ணாய் ஏற்றது. அதற்குள்ளே ஒரிஸ்யா இருந்தாள்.

ஈரத்துணி எடுக்கப் போன யாரினாவின் மணிக்கட்டை மாமியார் பற்றினாள்.

"கசகசாவைத் துடைக்காத. அதுவாவது போகட்டும் அவன்கிட்ட."

அதுவரை ஒன்றையொன்று விழுங்கக் காத்திருந்த இரு படைகளும் ஒரே கொடியின்கீழ் அணிவகுத்தன. ஒருத்தி இடப்புறமாகவும் ஒருத்தி வலப்புறமாகவும் மெல்ல முன்னேறினர். குழந்தை இதைக் கண்டது. அறையைச் சூடாக்க மறந்த ரேடியேட்டரைப் பார்த்தது. அட்டை ஒட்டிய சன்னலைப் பார்த்தது. தன் உடலில் இருந்த ஒரே கதகதப்பைப் பறிக்க வரும் இரு பேரரசுகளையும் பார்த்தது. பின்னர் மேசைக்கடியில், எந்த முற்றுகைக்கும் அசையாத கோட்டையென, இரு கைகளையும் மார்பின் குறுக்கே இறுகக் கட்டி, கருத்த உதட்டைப் பிதுக்கி, யானைச் சேனை கொண்டு இழுத்தாலும் பெயராத உறுதியோடு அமர்ந்துகொண்டது. ரயீசா சர்க்கரைக் கட்டி நீட்டித் தூது விட்டாள். தூது உண்ணப்பட்டது, உடன்படிக்கை ஏற்படவில்லை. கீழே இரண்டாம் முறை ஹாரன் ஒலித்தது; வேனின் இயந்திரம் உறுமத் தொடங்கியது; போர்முனையின் ஏதோவொரு குழிக்குள் ஒருவன் காத்திருக்க, வரலாறு மூச்சடக்கி நிற்க, ஐந்தாம் மாடியின் கோமகள், கெண்டைக்கால் புகழ் கொண்டவள், ஒற்றைக்கொடி வேந்து, உப்பு கொட்டிய தரையில் மண்டியிட்டு மேசைக்கடியில் தலையை நுழைத்தாள்.

"கையைக் கொஞ்சம் தூக்கு, கண்ணு."