உப்புக்காற்றும் ஒரு டப்பா கிரீஸும்

ஒழுங்கானவர்கள் செய்யும் தவறுகளில் ஒரு தனி விசேஷம் உண்டு. மற்றவர்கள் அவசரத்தில் எதையாவது விட்டுவிட்டுத் தவறு செய்வார்கள். நாங்கள் எதையும் விடாமல், துடைத்து, அடுக்கி, ஒரு வேலையைக் கூடுதலாகவும் பார்த்துத் தவறு செய்வோம். அதனால் அது தவறு என்று மற்றவர்களுக்குக் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். எங்களுக்கு அப்போதும் தெரியாது.

நான் தூத்துக்குடியில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கோப்புகள் என் பொறுப்பு. வீட்டிலும் அப்படித்தான். சீரக டப்பாவில் சீரகம் என்று எழுதி ஒட்டியிருக்கும். தினமும் டைரி எழுதுவேன். (எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எழுதினால் விளக்கு வெளிச்சத்தில் மற்றவர்களுக்கு வராது.)

என் மகள் அனிட்டா மெக்கானிக்கல் முடித்து, கப்பல் எஞ்சின் படிப்பும் முடித்தவள். அவள் அப்பா வளைகுடாவில் இழுவைக் கப்பலில் இருக்கிறார். எங்கள் பக்கம் ஆண்பிள்ளை கப்பலுக்குப் போவது செய்தியே இல்லை. பெண்பிள்ளை போகிறேன் என்றால் தெருவே நின்று விசாரிக்கும். இரண்டு கம்பெனிகள் பெண்களுக்கு இப்போது இடமில்லை என்று சொல்லிவிட்டன. மூன்றாவது கம்பெனி இன்டர்வியூவுக்கு அழைத்தது, ஆன்லைனில். லேப்டாப் வேண்டும், மொபைல் கூடாது. பூட்டிய அறையில் தனியாக இருக்க வேண்டும், கேமராவைச் சுற்றிக் காட்ட வேண்டும். குறித்த நேரத்தில் வராதவருக்கு மறு வாய்ப்பு இல்லை.

எங்களிடம் இருந்தது அவள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய லேப்டாப். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அவள் தோழியுடன் ஒத்திகை பார்த்தபோது, வாயைத் திறந்தபடி அவள் முகம் திரையில் உறைந்துபோய்விட்டது. அப்படியே வெகுநேரம் இருந்தது. அன்று மாலையே கடைக்குப் போய், பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக விண்டோஸ் ஏற்றிய எஸ்.எஸ்.டி. ஒன்றும், இருக்கிற ரேமுக்குத் துணையாக இன்னொரு ரேமும் வாங்கிவந்தோம். கடையிலேயே மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். நான்தான் ஒப்பவில்லை. முன்பு ஒரு கடையில் பழுது பார்க்கக் கொடுத்த மிக்ஸி ஒரு ஸ்குரூ குறைவாகத் திரும்பி வந்தது. அந்தக் காயம் ஆறவில்லை.

மறுநாள் காலை அனிட்டா தேய்க்கக் கொடுத்த சட்டையை வாங்கவும், அப்படியே மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றவும் கிளம்பினாள்.

"எம்மா, நீ தொடாத. நா வந்து மாட்டுதேன். சின்ன வேலதான்."

"தொடல. தூசி மட்டும் தட்டி வைக்கேன்."

"தூசியும் தட்டாத."

அவள் கேட்டைச் சாத்துவதற்குள் நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டேன். முந்தின இரவே வீடியோக்கள் பார்த்துத் தயாராக இருந்தேன். மேஜையில் வெள்ளைத் துணி. கழற்றும் ஸ்குரூக்களை வைக்க இட்லித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஓர் அளவு ஸ்குரூ. இந்த யோசனைக்காக இன்றும் எனக்குள் ஒரு கர்வம் உண்டு.

அடி மூடி திறந்தது. பாட்டரி இணைப்பை எடுத்தேன். எஸ்.எஸ்.டி. ஒழுங்காக உட்கார்ந்தது. அப்போதுதான் கவனித்தேன். மூடியின் ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஸ்குரூ தலைகளில் துரு. இந்த ஊரில் கேட்டின் கீல், சைக்கிள் செயின், ஜன்னல் கொக்கி எதுவானாலும் உப்புக்காற்று தின்றுவிடும். அதற்கு எங்கள் வீட்டில் ஒரே மருந்துதான். என் அப்பா வள்ளம் வைத்திருந்தவர். எஞ்சின் பாட்டரியின் முனைகளில் கிரீஸ் தடவாமல் கடலுக்குப் போகமாட்டார். நான் விளக்குப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இப்போது வள்ளம் என் அண்ணன் சேவியரிடம் இருக்கிறது. அங்கிருந்து வந்த கிரீஸ் டப்பா என் சமையலறையில் எப்போதும் உண்டு. (மேலே கிரீஸ் என்று எழுதி ஒட்டியிருக்கும்.)

புது ரேமின் ஓரத்தில் தங்கப் பற்கள் வரிசையாக மின்னின. இவற்றையா உப்புக்குக் கொடுப்பது என்று மனது கேட்கவில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியில் கிரீஸைத் தொட்டு ஒரு பல் விடாமல் தடவினேன். பாரபட்சம் கூடாது என்று பழைய ரேமையும் கழற்றித் தடவினேன். அவை உட்காரும் பள்ளங்களுக்கும் ஒரு பூச்சு. பாட்டரி இணைப்பைத் திரும்பக் கொடுத்து மூடியை முடுக்கினேன். இட்லித் தட்டு காலி. ஒரு ஸ்குரூ மிச்சமில்லை.

பட்டனை அழுத்தினேன். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு சின்ன விளக்கு மட்டும் விட்டுவிட்டுக் கண் சிமிட்டியது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் சிமிட்டல். எனக்குள் ஏதோ ஒரு ஸ்குரூ கழன்று விழுந்தது. அதற்கு இட்லித் தட்டில் குழி இல்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மீன் பையோடு வந்தார். என் முகத்தைப் பார்த்துப் பையை வாசலிலேயே வைத்தார்.

"என்னளா, யாருக்கு என்ன?"

"இது உயிரோட வரமாட்டேங்குண்ணே. மத்தியானம் புள்ளைக்கு இன்டர்வியூ."

மூடியை மீண்டும் கழற்றினோம். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எஞ்சினைப் பார்ப்பதுபோலச் சாய்ந்து சாய்ந்து பார்த்தார்.

"கிரீஸெல்லாம் நல்லாத்தான் தடவிருக்க. ஒருவேள பத்தலியோ?"

இன்னொரு பூச்சு பூசினோம். (நான் ஒருத்தியாகச் செய்த முட்டாள்தனத்துக்கு இப்போது குடும்ப ஒப்புதலும் கிடைத்துவிட்டது.) விளக்கு அதே மாதிரி சிமிட்டியது.

கேட் திறக்கும் சத்தம். அனிட்டா ஒரு கையில் சட்டையோடு உள்ளே வந்தாள். மேஜை, இட்லித் தட்டு, மாமா, நான் என்று வரிசையாகப் பார்த்தாள். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு ரேமை வெளியே எடுத்தாள். விரலால் தொட்டாள். முகர்ந்து பார்த்தாள்.

"எம்மா, இது என்னது?"

"கிரீஸ்."

"எந்த கிரீஸ்?"

"வள்ளத்து கிரீஸ்," என்றார் அண்ணன். "நல்ல சரக்கு."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "வீட்ல ஸ்பிரிட் இருக்கா?"

இல்லை. ஒழுங்கான என் முதலுதவிப் பெட்டியில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. அண்ணன் மருந்துக்கடைக்கு வண்டியை எடுத்தார். ரயில்வே கேட் மூடியிருக்கிறது என்று அங்கிருந்து போன் வந்தது. அப்போது அனிட்டாவின் பார்வை பீரோ மேல் போனது. அங்கே அவள் அப்பா கொண்டுவந்த சென்ட் பாட்டில் இருந்தது. நல்ல நாள் பெரிய நாளில் கழுத்துக்கு ஒரு சொட்டு என்று நான் காப்பாற்றி வைத்திருந்தது.

"இதுல ஆல்கஹால்தான் நெறய," என்றாள். "அப்பாகிட்ட நா சொல்லிக்கிடுதேன்."

பாதிப் பாட்டில் போனது. பற்களை ரப்பரால் தேய்த்தாள். பள்ளங்களைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சென்டில் நனைத்து நனைத்துக் கழுவினாள். நான் விசிறினேன். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசம். இந்தக் கம்பெனியும் போனால் அவள் இனிக் கேட்கவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வாய் திறந்து அழுகிற பிள்ளை இல்லை அவள். பேசாமல் ஏதாவது ஒரு கடையில் கணக்கு எழுதப் போய்விடுவாள்.

பட்டனை அழுத்தினாள். கறுப்பு. கழற்றி, இன்னொரு முறை துடைத்து, அழுத்திச் செருகினாள். கறுப்பு. பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, திரையில் நீல வெளிச்சம் வந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் வெளியே கதவில் காதை வைத்து நின்றேன். பேச்சு முழுக்க ஆங்கிலம். கேமராவைச் சுற்றிக் காட்டினாள். கேள்வி தொடங்கும் முன்பே ஒரு வயதான குரல் கேட்டது.

"உங்கள் கன்னத்தில் கறுப்பாக இருப்பது என்ன?"

நான் காதை இன்னும் அழுத்தி வைத்தேன். (அண்ணன் அதை முதலிலேயே பார்த்திருக்கிறார். எஞ்சின் வேலைக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று சொல்லாமல் விட்டாராம்.)

"கிரீஸ், சார்."

"வீட்டில் எஞ்சின் இருக்கிறதா?"

"இல்லை சார். லேப்டாப் இருக்கிறது. அம்மா இருக்கிறார்கள்."

அதன்பின் என் மகள் அத்தனையையும் சொன்னாள். இட்லித் தட்டைக்கூட விடவில்லை. லேப்டாப்பில் மூன்று பேர் சிரிப்பது கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் சுவரோடு சுவராக ஒட்டிப் போனேன். சிரிப்பு அடங்கியதும் அதே குரல் கேட்டது.

"படகு பாட்டரியைக் காப்பாற்றுகிற கிரீஸ், ரேமை ஏன் நிறுத்தியது?"

அனிட்டா ஒரு நொடியும் தயங்கவில்லை. கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. பாட்டரியில் உலோகத்தோடு உலோகம் அழுந்தும்படி முதலில் இறுக்கி முடுக்குவார்கள். பிறகுதான் வெளியே தடவுவார்கள், காற்றும் உப்பும் உள்ளே போகாமல் இருக்க. ரேமின் பற்களை மெல்லிய கம்பிகள்தான் தொடுகின்றன. இடையில் கிரீஸ் புகுந்தால் தொடுவதற்கு எதுவும் இல்லை. "அம்மா எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் சார். வரிசை மட்டும் மாறிவிட்டது."

கண்ணை மூடினேன். அப்பா ஸ்பேனரால் முடுக்குவது தெரிந்தது. பிறகுதான் டப்பாவைத் திறப்பார். விளக்குப் பிடித்த எனக்குக் கிரீஸ் மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. வரிசைக்குப் பெயர்போன எனக்கு, வரிசை மறந்திருக்கிறது.

அன்றைய டைரியில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: "லேப்டாப்பில் சிறு வேலை. மீன், ஊளி."

அனிட்டா இப்போது கப்பலில் இருக்கிறாள். அந்த லேப்டாப் என்னிடம் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. சூடேறினால் மட்டும் சென்ட் வாசம் வரும். அண்ணன் வாசலில் நின்றே, "ஏளா, கல்யாண வாசம் அடிக்கி. லேப்டாப்ப போட்டிருக்கியா?" என்பார். தோசைக்கு நான் எண்ணெய் எடுத்தால், "மொதல்ல முடுக்கு, பொறவு தடவு," என்பார்.

என் கணவர் ஒவ்வொரு முறை ஊருக்குக் கிளம்பும் முன்னும் போன் செய்து, குரலில் சிரிப்பே இல்லாமல் ஒரே கேள்வி கேட்கிறார்.

"இந்தத் தடவ என்ன கொண்டாரணும்? சென்டா, கிரீஸா?"

"சென்ட்," என்கிறேன். "கிரீஸ் இன்னும் தீரல."