சுத்தியல் காக்காவின் கண்ணாடிச் சுவர்

எங்கள் ஒழுங்கையில் சுத்தியல் காக்காவைப் போல இருப்புக் கொள்ளாத மனிசன் இன்னும் ஒருவர் பிறந்திருந்தால், சாய்ந்தமருது ஊரில் ஒரு சுவரும் மிஞ்சியிருக்காது. அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லி ஒழுங்கையில் விசாரித்தால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. வயதில் மூத்தவர் என்பதால் காக்கா, கையில் எந்நேரமும் சுத்தியல் இருப்பதால் சுத்தியல் காக்கா.

தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்தால் கதிரையில் இருந்து குடிக்க மாட்டார். கோப்பையோடு எழும்பி, என் வீட்டுச் சுவரை விரலால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போவார். "தம்பி, இந்த இடத்தில ஒரு யன்னல் வெச்சா காத்து அள்ளிக்கிட்டு வரும்" என்பார். எனக்குக் காத்து வேண்டாம், இருக்கிற சுவர் இருந்தால் போதும் என்று சொன்னாலும் விளங்காது. ஒருமுறை மையத்து வீடொன்றில் எல்லாரும் இறந்தவருக்காக யாசீன் ஓதிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாசல் நிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அல்லாஹ் காப்பாற்றினான், மனிசன் அங்கே வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து என் காதுக்குள் சொன்னார்: "வாசல் ஒடுக்கம் தம்பி. சந்தூக்கு திரும்பாது." அன்றைக்கு மையத்தைத் தூக்கிய சந்தூக்குப் பெட்டி அந்த வாசலில் திரும்பவில்லைதான். அவர் சொல்வது சில நேரம் சரியாய்ப் போவதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

கட்டாரில் கனகாலம் அவருக்குக் கண்ணாடி பூட்டுகிற வேலை. ஆரார் வீட்டுக்கோ சுவர் அளவில் தள்ளுகதவு பூட்டிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து பார்த்தால், கைக்குழந்தையாய் விட்டுப்போன மகள் ஷிபானா கலியாண வயதில் நிற்கிறாள். ஊரோடு வந்த கை சும்மா இருக்குமா? குசினியைப் பின்னுக்குத் தள்ளினார், கக்கூஸை முன்னுக்குக் கொண்டுவந்தார், மறுகா இரண்டையும் பழையபடி மாற்றினார். அந்த நாட்களில் அங்கே விருந்துக்குப் போனவர்கள் எந்தக் கதவைத் திறக்க முன்னரும் ஆரையாவது விசாரித்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பொம்புளைப் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வருவார், காணி உறுதி பெண்ணின் பேரில் இருக்கும். ஆகவே காக்கா இவ்வளவு காலமும் உடைத்ததெல்லாம் அவருடைய மனைவி மர்லியா ராத்தாவின் வீடு. ராத்தா அதை அவருக்கு மறக்க விட்டதில்லை.

"இஞ்சாருங்க, வீடு என்ட பேர்ல. உங்கட பேர்ல இரிக்கிறது அந்தச் சுத்தியல் மட்டும்தான்."

ஷிபானாவுக்குப் பொத்துவிலில் இருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பொருந்தி வந்தது. நல்ல இடம், ராத்தாவுக்கு நிலத்தில் கால் பாவவில்லை. கலியாணம் முடிந்தால் வீடு மகள் பேருக்குப் போகும். ராத்தாவும் காக்காவும் அதே வளவின் மூலையில் கட்டியிருக்கிற சின்ன வீட்டுக்குப் போய்விட வேண்டும். இது ஊர் வழமை, இதற்கு ஒருவரும் அழுவதில்லை. ஆனால் காக்கா சின்ன வீட்டு வாசலுக்கும் பெரிய வீட்டுச் சுவருக்கும் நடுவில் உலாத்தத் தொடங்கினார். காலையில் உலாத்தினார், பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து உலாத்தினார். பார்த்துப் பார்த்து எனக்குக் கால் உளைந்தது. மதிலால் எட்டிக் கேட்டேன்.

"என்ன காக்கா தேடுறீங்க?"

"இஞ்ச இருந்து பாத்தா என்ன தெரியிது தம்பி?"

"சுவர் தெரியிது."

"அதத்தான் சொல்றன். புள்ள அங்கால ஹோலுக்க இரிப்பாள், நான் இஞ்ச இருந்து சுவரப் பாக்கிறதா? அவள் நடக்கப் பழகினதையே நான் போன்லதான் கேட்டன்."

சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுக்கப் போய்விட்டார். சந்தோசம் வந்தாலும் கவலை வந்தாலும் அவர் கை அங்கேதான் போகும்.

கலியாணப் பேச்சு முடியும்வரை ஒரு ஆணியும் அடிக்கக் கூடாது என்று ராத்தா கட்டளை போட்டிருந்தா. வேளாண்மை வெட்டுக்கு அவ வயல் இருக்கிற வரிப்பத்தான்சேனைக்குப் போனதுதான் தாமதம், சின்ன வீட்டைப் பார்த்த ஹோலின் பக்கச் சுவர் முழுவதும் போனது. அலவாங்குக் கம்பி விழுந்த சத்தத்தில் என் வீட்டு அலுமாரிக்குள் பீங்கான்கள் நடுங்கின. சுவரை உடைத்து முடித்த பிறகுதான் மனிசன் கண்ணாடிக்குச் சொல்லப் போனார். இந்த அளவுக்குக் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும், கொஞ்சம் பொறுங்க காக்கா என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். காக்காவிடம் போய்ப் பொறுங்க என்றால்?

சுவர் இருந்த இடத்தில் ஒரு படங்குச் சீலையைக் கட்டித் தொங்கவிட்டார். காலம் தப்பிய மழை ஒன்று சரிவாக அடித்து, சோபாவை ஊறப்போட்டது. அடுத்த வளவு ஆடு படங்கை முட்டிக்கொண்டு வந்து, ஹோலுக்குள் காக்காவின் காலடியில் படுத்து அசைபோடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ராத்தா வந்து இறங்கினா. ஆட்டைப் பார்த்தா, புருசனைப் பார்த்தா.

"இதுல எத நான் வெளியில கட்ட?" என்று மட்டும் கேட்டா.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதற்கு முதல்நாள்தான் கண்ணாடி வந்து சேர்ந்தது. ஒழுங்கை ஆம்பிளைகள் எல்லாரும் பிஸ்மி சொல்லித் தூக்கினோம். பூட்டி முடித்த பிறகு, சும்மா சொல்லக் கூடாது, ஹோலுக்குள் பகல் வந்து இறங்கியது போல இருந்தது. "ஒத்த விரல் போதும் தம்பி, தள்ளிப் பாருங்க" என்றார். தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போனது. அன்றைக்கு முழு ஒழுங்கையும் வரிசையில் வந்து ஒற்றை விரலால் தள்ளிவிட்டுப் போனது.

எங்கள் ஊர்க் காற்றில் பாதி கடற்கரை மண் என்பது, கட்டாரில் ஏசி வீடுகளுக்குக் கதவு பூட்டிப் பழகியவருக்கு மறந்துவிட்டது. பொழுதுபடுமுன்னரே கதவு ஓடுகிற தவாளிப்புக்குள் மண் இறங்கிக் கரகரத்தது. காக்கா தேங்காயெண்ணெய் ஊற்றினார். மண்ணும் எண்ணெயும் சேர்ந்து விடியுமுன் சீமெந்து போல இறுகிவிட்டது. அடுத்த நாள் மாப்பிள்ளையும் அவருடைய உம்மாவும் மாமாவும் வந்து கண்ணாடிக்கு வெளியே நிற்க, காக்கா ஒற்றை விரலால் தள்ளினார். பிறகு உள்ளங்கையால் தள்ளினார். பிறகு தோளைக் கொடுத்து முக்கினார். கடைசியில், "குசினிப் பக்கத்தால வாங்க, அதுதான் குளிர்மை" என்று சம்பந்திமாரைச் சட்டி பானைகளுக்குள்ளால் கூட்டிக்கொண்டு வந்தார்.

அக்கம்பக்கத்து ஆள் என்று நானும் ஒரு கதிரையில் இருந்தேன். மாப்பிள்ளையின் உம்மா பலகாரத்தைத் தொடாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தா.

"வீடு நல்லா இரிக்கி, மாஷா அல்லாஹ். அந்தச் சின்ன வீட்டுல ஆரு இரிக்கப் போற?"

"நாங்கதான்" என்றார் காக்கா, பெருமையாக.

"அப்ப என்ட மகன் இஞ்ச சோறு தின்னுறதையும் உடுத்த சாரத்தோட சரிஞ்சு கிடக்கிறதையும் நீங்க அங்க இருந்து பாத்துக்கிட்டு இரிப்பீங்க. மாமனார்ட கண்ணுக்கு முன்னால மருமகன் எப்பிடிக் கால நீட்டுற?" குரலை உயர்த்தவில்லை. "சுவர வெச்சுத் தாங்க. மறுகா நாள் குறிப்பம்."

ராத்தா காக்காவைப் பார்த்தா. அந்தப் பார்வைக்கு மிச்சச் சுவர்களும் விழுந்திருக்கும். காக்கா எழும்பவில்லை, உலாத்தவில்லை. ஷிபானாவின் கலியாணம் ஒரு பக்கம், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஆசை ஒரு பக்கம். கண்ணாடிக்கு அங்கால் இருந்த சின்ன வீட்டை ஒருதரம் பார்த்தார்.

"வெக்கிறன்" என்றார். "நாளைக்கே கல்லு கொண்டந்து பறிக்கிறன்."

ஒரு சுவரை வைக்கிறேன் என்று அந்த மனிசன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். எத்தனை நாள் என் சுவரைத் தட்டி என் உயிரை வாங்கியிருப்பார், ஆனால் அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குசினி வாசல் சீலைக்குப் பின்னால் இருந்து ஷிபானாவின் சத்தம் வந்தது.

"வாப்பா, வீட்ட ஆர்ட பேருக்கு எழுதப் போறீங்க?"

"உன்ட பேருக்குத்தான் மகள்."

"அப்ப சுவர் வெக்கிறதா இல்லையா எண்டு நான்தானே சொல்லணும். கண்ணாடி இரிக்கட்டும். உள்பக்கத்தால தடிச்ச சீலை ஒண்டு போடுவன். எப்ப மூடுற எப்ப துறக்கிற எண்டு நான் பாத்துக்குறன். மாமிக்கு அது போதுமா எண்டு கேளுங்க."

மாப்பிள்ளை செருமினார். ராத்தாவின் முகம் வெளிறிப்போனது, பெண் இப்படி வாய் திறக்கிறதா என்று. மாப்பிள்ளையின் உம்மாவும் தன் பேரில் எழுதின வீட்டில் இருந்து ஆண்டு வந்தவதானே, அந்த நியாயம் அவவுக்கு விளங்கியது. பலகாரத்தட்டைக் கிட்ட இழுத்துக்கொண்டா.

"வீட்டக் கொண்டு நடத்துவாள்" என்றா தன் மகனிடம். "நீதான் கவனமா இரிக்கணும்."

கலியாணம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில், என் மனைவி தந்த வட்டிலப்பத்தோடு சின்ன வீட்டுக்குப் போனேன். காக்கா வாசலில் கதிரை போட்டு இருந்தார். கண்ணாடிக்கு அங்கால் சீலை விலகியது. ஷிபானா மேசையில் கோப்பைகளை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். சாரத்தோடு வந்த வாத்தியார் இரண்டு கையாலும் இழுத்து, காலையும் கொடுத்துக் கதவைத் திறந்தார்.

"மாமா, வாங்க. தேத்தண்ணி குடிப்பம்."

"நீங்க குடிங்க மகன்" என்றார் காக்கா. "நான் பாத்துக்கிட்டு இரிக்கன்."

கதிரையை விட்டு அவர் எழும்பவே இல்லை. எனக்கு வீட்டில் ஆயிரம் வேலை கிடந்தது. கிடக்கட்டும் என்று இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் இருந்தேன்.