நான்கு மணி நேர நிறுத்தம்

சனிக்கிழமை சர்வரை நிறுத்தக் கூடாது, அன்றைக்கு ஸ்டாக் எடுக்கிறோம் என்று ஸ்டோர்ஸ் தலைவர் வேம்புவிடமிருந்து மெயில் வந்திருந்தது. லூர்துபிரகாஷ் நோட்டைத் திறந்து, திட்டத்தின் ஏழாவது படியில் 'சனி' என்பதை அழித்தான். திட்டம் முழுவதையும் அவன் பென்சிலில்தான் எழுதியிருந்தான். தன்மேல் அவனுக்கிருந்த நம்பிக்கை அவ்வளவு.

பாண்டிச்சேரியின் உப்பளம் பகுதியில் இருந்த அந்தத் தோல் பை ஏற்றுமதிக் கம்பெனிக்கு, பாரீஸ் தலைமை அலுவலகம் ஒரு சாஃப்ட்வேர் அனுப்பியிருந்தது. வருகிற மெயிலை சர்வரிலேயே பிரித்து, அந்தந்த ஆர்டரின் கோப்பில் அது சேர்த்துவிடும். அதைப் பொருத்த சர்வரை நான்கு மணி நேரம் நிறுத்த வேண்டும். 2005 ஆகஸ்டு முடிவதற்குள் அது ஓடினால் லூர்துபிரகாஷுக்கு வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் முப்பத்தொன்றாம் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது. மூன்று பிரிவுத் தலைவர்களும் மெயிலில் சம்மதம் தந்த பிறகே சர்வரைத் தொட வேண்டும் என்று மேனேஜர் கஸ்தோனிடமிருந்து மெயில் வந்திருந்தது.

"பதில்கூட அதுவே போட்டுருமா தம்பி?" என்று பக்கத்து மேஜை ஜெயம் கேட்டார். அங்கே பதினாறு வருடமாக டைப்பிஸ்ட்.

"ஆமாங்க்கா. வழக்கமான பதிலுக்கெல்லாம் ஆளே வேணாம்."

"நல்லதுதான்," என்றார் ஜெயம். பதினோரு மணி ஆகியிருந்தது. தினமும் போலக் காகித ஃபைலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய்வரக் கிளம்பினார்.

லூர்துபிரகாஷ் 'ஞாயிறு' என்று எழுதி அனுப்பினான். மறுநாள் பதினொன்றரைக்கு ஷிப்பிங் பெஞ்சமேனின் பதில் வந்தது. ஞாயிறு பூசைக்குப் போக வேண்டும், ஆளில்லாத நேரத்தில் சர்வருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

"பதினாறாம் தேதி பாண்டி இணைப்பு நாள், ஊருக்கே லீவு. அன்னைக்குப் போட்டா என்னக்கா?"

"எழுதித்தான் பாருங்களேன்."

எழுதினான். நமக்குத்தான் லீவு, பாரீஸுக்கு இல்லை என்று தரப்பிரிவு ஏலோதியிடமிருந்து பதில் வந்தது.

"அடடா, அதுவும் போச்சா," என்று ஜெயம் அவனுக்கு ஒரு டீ சொன்னார்.

மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை என்றால், சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று நினைத்தான். பாரீஸ் அலுவலகம் திறப்பதே அப்போதுதான் என்று மூன்று பேரிடமிருந்தும் தனித்தனியாகப் பதில் வந்தது. ஏழாவது படி இருந்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது.

கடைசியாக, நீங்களே கூடிப் பேசி ஒரு நேரம் சொல்லுங்கள் என்று மூவருக்கும் ஒரே மெயில் அனுப்பினான். அது வினையாகிவிட்டது. ஷிப்பிங்கில் எது நேரத்துக்கு நடந்தது என்று வேம்புவின் மெயில் கேட்டது. ஸ்டோர்ஸுக்குள் போனது எது திரும்பி வந்தது என்று பெஞ்சமேனின் மெயில் கேட்டது. இருவருக்கும் தரம் என்றால் என்னவென்றே தெரியாது என்றது ஏலோதியின் மெயில். ஒற்றுமை வரும்வரை திட்டத்தைத் தள்ளிவைக்கவும் என்று கஸ்தோனிடமிருந்து மெயில் வந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் பெஞ்சமேன் ஒரு மசால் வடையைப் பிட்டுப் பாதியை வேம்புவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னாடா தம்பி, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?" என்றார் வேம்பு.

"அந்த மெயில் விஷயம்தான் சார்."

"ஆபீஸ ஆபீஸ்லயே விட்டுட்டு வா. மொதல்ல வடையத் துன்னு."

பெரிய மனிதர்கள், சண்டையை டீக்கடைக்குக் கொண்டுவருவதில்லை என்று லூர்துபிரகாஷ் மெச்சினான். குறை தன் திட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிவைத்தான்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் எல்லா மெயில்களையும் அச்செடுத்துக்கொண்டு கஸ்தோன் அறைக்குப் போனான். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர் அவர். கடைசித் தாளை இரண்டு முறை படித்தார்.

"தள்ளி வைக்கச் சொன்னனா? நீ எப்ப முடிப்பேன்னு நானே பாத்துக்கிட்டிருக்கேன்."

மூன்று தலைவர்களும் வரவழைக்கப்பட்டார்கள்.

"நான் எழுதலயே," என்றார் வேம்பு. "என்னைக்கு நிறுத்துனா எனக்கென்ன?"

"நான் பூசைக்குப் போயே ரெண்டு வருஷமாவுது," என்றார் பெஞ்சமேன்.

ஏலோதி தன் பெயரில் இருந்ததைப் படித்துவிட்டு, "இங்கிலீஷ் நல்லா இருக்கு. என்னுது இல்ல," என்றார்.

"உங்க மெயில நீங்க பாக்கறதே இல்லையா சார்?" என்று லூர்துபிரகாஷ் மெல்லக் கேட்டான்.

"நான் எங்கப்பா கம்ப்யூட்டர தொட்டேன்?" என்றார் கஸ்தோன். "தாள்ல வரும். படிப்பேன். ஓரத்துல பதில் எழுதிக் குடுப்பேன். டைப் ஆயிப் போயிடும்."

"நாங்களும் அப்படித்தான்," என்றார் பெஞ்சமேன்.

பதினோரு மணி. காகித ஃபைலோடு ஜெயம் வாசலில் நின்றிருந்தார். ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உள்ளே வந்து, ஃபைலை மேஜைமேல் ஒழுங்காக வைத்தார்.

"நான் ஒருத்தி வேணாம்னு சொன்னா யாரு சார் கேக்கப்போறீங்க? அதான் நாலு பேரா சொன்னேன்."