நாற்பத்தெட்டு நாள் பச்சைக்கீரை

"இன்னையிலேர்ந்து நாற்பத்தெட்டு நாளைக்கு இந்த வீட்டுல அடுப்பு எரியக் கூடாது!"

சம்பத் இதைச் சொன்னபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வாசற்படியில் நின்று, வலது கையை உயர்த்திச் சொன்னார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அந்த நேரத்துக்கு எல்லா வீட்டிலும் டிபன் ஆகிக்கொண்டிருக்கும். அவர் வீட்டிலும் அடை வாசனை தெருவரைக்கும் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அடையைத் தின்றுவிட்டுச் சபதம் போட்டிருக்கலாம். அவசரக்கார மனுஷர்.

"ஏன், காஸ் தீர்ந்துபோச்சா?" என்றாள் வசுமதி உள்ளேயிருந்து.

"காஸ் இல்லடி, ஞானம்! வேக வெச்சா சத்தெல்லாம் செத்துப்போவுது. இனிமே பச்சைதான். கீரை, வெறும் கீரை. புத்தகமே வாங்கிட்டேன்."

ஞானமாவது ஒண்ணாவது! உள்விவகாரம் வேறு. போன வாரம் வசுமதி ஒரு யோசனை சொன்னாள். பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சரும் தானும் சேர்ந்து ஒரு மெஸ் வைக்கப்போவதாக. புதிதாக வேலைக்கு வந்த இளம் இன்ஜினியர்கள் ஊர்விட்டு ஊர் வந்து நாக்கு செத்துக் கிடக்கிறார்களாம். மகள் பிரதீபா மெட்ராஸ் ஹாஸ்டலுக்குப் போனபின் தனக்கும் வீட்டில் பொழுது போகவில்லையாம்.

"ஆபீசர் பொண்டாட்டி மெஸ் நடத்துறதா? நாளைக்கு பஸ்ல நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?" என்று குதித்தார் சம்பத். ஆனால் வாதத்தில் வசுமதியை ஜெயிப்பது நடக்கிற காரியமில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருதரம்கூட நடந்ததில்லை. அதனால்தான் இந்தத் தந்திரம். புருஷன் 'வெந்தது விஷம்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பெண்டாட்டி எப்படி ஊருக்குச் சமைத்துப் போடுவாள்? ஊர் சிரிக்காதா? மெஸ் தானாகப் படுத்துவிடும். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

"நாற்பத்தெட்டு நாள் தாங்குவீங்களா?" வசுமதி தோசைத் திருப்பியோடு வெளியே வந்தாள்.

"தாங்கலேன்னா பாரு! ஒரு வாய், ஒரே ஒரு வாய் வெந்தது என் தொண்டையில எறங்கிச்சுன்னா, நீ தாராளமா மெஸ் ஆரம்பி. நான் வாயே திறக்க மாட்டேன்."

"சரிங்க" என்றாள் வசுமதி.

அந்த இடத்திலேயே சம்பத் பயந்திருக்க வேண்டும். முதல் வார்த்தையிலேயே 'சரிங்க' சொல்கிற பழக்கம் அவளுக்கு என்றைக்கு இருந்தது?

மறுநாள் காலை புதுப்பட்டினம் மார்க்கெட். வேண்டா என்கிற கீரைக்காரி சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். சம்பத் கையில் புத்தகம், குறிப்பேடு, போதாததற்கு ஆபீஸ் பூதக்கண்ணாடி.

"இன்னா சார், கீரைக்கு ஜோசியம் பாக்கப் போறியா?"

"இது என்ன கீரை?"

"அரைக்கீரை."

"அது?"

"சிறுகீரை."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"உன் கண்ணுக்கு அப்டி கீது. வேரோட புடுங்கிக்கினு வந்தா சிறுகீரை. அறுத்துக்கினு வந்தா அரைக்கீரை. அறுக்க அறுக்கத் துளுத்துக்கினே இருக்கும்."

"அப்போ இதோ வேரோட இருக்கே, இதுவும் சிறுகீரை."

"அது முளைக்கீரை."

சம்பத் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் ஒரு கட்டைத் தூக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "இலை முழுக்க ஓட்டை. வேற குடும்மா."

"ஐய, ஓட்டைதான் சார் நல்லது! பூச்சி துன்னுதுன்னா மருந்து அடிக்கலன்னு அர்த்தம். ஓட்டையே இல்லாத கீரைய பூச்சியே வாணாங்குது. நீ துன்றேங்கறியே!"

சம்பத்துக்குத் தலை சுற்றியது. ஆபீசில் அவருக்கு வேலையே ஓட்டை பார்ப்பதுதான். குழாய்களை ஒட்டவைத்த இடத்தில் குண்டூசி முனையளவு ஓட்டை இருந்தாலும் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதி போடுவார். இருபது வருஷமாக ஓட்டை இருந்தால் ரிஜெக்ட். இங்கே ஓட்டை இல்லாவிட்டால் ரிஜெக்ட். எது சரி, எது தப்பு என்றே புரியாமல் ஓட்டைக்கீரையாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

முதல் நாள் அரைக்கீரை, எலுமிச்சம்பழம் பிழிந்து. பரவாயில்லை. மூன்றாம் நாள் புளிச்சகீரை, பல் கூசியது. ஐந்தாம் நாள் முருங்கைக்கீரை. மென்றார், மென்றார், ஆபீஸ் பஸ் ஹாரன் அடிக்கும்வரை மென்றார். ஏழாம் நாள் அகத்தி. அந்தக் கசப்பு காதுவரைக்கும் ஏறி நின்றது. தாடை வலித்தது. கனவில் இட்லி வந்து கூப்பிட்டது.

வசுமதி கெஞ்சினால் விட்டுவிடலாம் என்று காத்திருந்தார். 'போதும்ங்க, உடம்பு என்னத்துக்காவும்' என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ம்ஹும். அவள் கீரையை மூன்று தண்ணியில் அலசி, அழகாகத் தட்டில் வைத்து, "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோங்க, நீங்கதான் ஒண்ணுமே சாப்பிடலியே" என்றாள். இந்த அழகில் அவள் முகம் மட்டும் நாளுக்கு நாள் களையாகிக்கொண்டு வந்தது. எல்லாம் கீரை செய்கிற வேலை, நமக்கு மட்டும் ஏன் செய்யவில்லை என்று சம்பத் குழம்பினார்.

பதினோராம் நாள் மத்தியானம் ஆபீசில் அந்த விபத்து நடந்தது. திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த பிரவின்குமார் ஒரு டிபன் கேரியரைத் திறந்தான். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு! கத்திரிக்காய், மாங்கொட்டை எல்லாம் போட்டு, எண்ணெய் மிதக்க. சம்பத் தன் டப்பாவிலிருந்த பொன்னாங்கண்ணியைப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது.

"சார், ஒரு வாய் பாக்கீங்களா?"

"சேச்சே... சரி, நீ ஆசைப்படறே. ஒரே ஒரு வாய்."

பாதிக் கேரியர் காலி. மனசாட்சி லேசாக முனகியது. அதை உடனே அடக்கினார். சபதம் போட்டது வீட்டில். இது மத்திய சர்க்கார் ஆபீஸ். வீட்டுச் சட்டம் இங்கே எப்படிச் செல்லும்?

"எந்த மெஸ்ஸுப்பா?"

"பேரெல்லாம் இல்ல சார். உங்க பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சர் வீட்டுல இருந்துதான் வருது. இப்பதான் சோதனையா ஆரம்பிச்சிருக்காங்க."

மறுநாளிலிருந்து பிரவின்குமார் மூலமாக இன்னொரு கேரியரும் வந்தது. கணக்கில் பேர், அப்பாசாமி. சம்பத்தேதான், வேறு யார்! மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, சாயங்காலம் வீட்டில் பக்தியோடு பச்சைக்கீரை. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் குடைந்துகொண்டேயிருந்தது. கருவாட்டில் மாங்கொட்டை போடுவது செய்யூரில் பிறந்த வசுமதியின் கைவழக்கம். அது எப்படி ஜெசிந்தா டீச்சருக்கு வந்தது? ரசத்திலும் அதே ருசி. ஒருவேளை நடுச்சுவர் வழியாக வாசனை போய்ப் போய்க் கத்துக்கொண்டார்களோ?

உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிகிறது. அவருக்குப் புரியவில்லையே, என்ன செய்ய!

வீட்டில் நைசாக நூல்விட்டுப் பார்த்தார். "ஜெசிந்தா டீச்சர் நல்லா சமைப்பாங்களோ?"

"யாருக்குத் தெரியும்? நாமதான் அடுப்பையே மறந்துட்டோமே" என்றாள் வசுமதி. பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, வெறும் கீரைதானே தின்றீங்க, பேன்ட்டு ஏன் இறுக்குது?"

"அது... இரும்புச்சத்து."

"ஓஹோ!"

இதற்கிடையே கீரையில் மட்டும் மனுஷர் தேறிவிட்டார், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தண்டை ஒடித்தால் 'படக்'கென்று கேட்க வேண்டும், நார் தொங்கினால் முற்றல், வேரில் மண் ஈரமாக இருந்தால் இன்றைக்குப் பிடுங்கியது, எல்லாம் அத்துப்படி. வேண்டா தினமும் அவரைக் கேள்வி கேட்டே மடக்குவாள். "இது இன்னா சொல்லு? எப்ப புடுங்குனது சொல்லு?" தப்பாகச் சொன்னால் கட்டைத் தர மாட்டாள். ஏன் இப்படிப் படுத்துகிறாள் என்று அவருக்கு விளங்கவேயில்லை.

இருபத்தொன்பதாம் நாள் பிரவின்குமார் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தான்.

"சார், நம்ம மெஸ்ஸைப் பத்தி எல்லாரும் ரெண்டு வரி எழுதணுமாம். சமைக்கது ஜெசிந்தா டீச்சர் இல்லியாம் சார், வேற ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரர் மெஸ் வைக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்காராம். சம்மதிக்கலன்னா அடுத்த வாரத்தோட கேரியர் கிடையாது."

"என்னது!" சம்பத் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். கேரியர் போனால் மிச்சமிருப்பது பத்தொன்பது நாள் அகத்தி. "எவன்யா அவன், அறிவு கெட்டவன்? குடு பேனாவ!"

இந்த இடத்திலாவது உறைத்திருக்க வேண்டாமோ? எங்கே! கோபம் கண்ணை மறைத்தது. விறுவிறுவென்று எழுதினார்.

'இந்தச் சாப்பாட்டைத் தினமும் பரிசோதித்தேன். குறை எதுவும் இல்லை. இந்தக் கையைச் சமைக்க விடாமல் தடுக்கிறவன் மனுஷனே இல்லை. மெஸ் உடனே ஆரம்பிக்கப்பட வேண்டும். ஏற்கத்தக்கது.'

கீழே 'அப்பாசாமி' என்று போடத்தான் நினைத்தார். இருபது வருஷப் பழக்கம் விடுமா? 'ஏற்கத்தக்கது' என்று எழுதிய கை, அதுபாட்டுக்குத் தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டுத் தேதியும் போட்டுவிட்டது. பிரவின்குமார் நோட்டை வாங்கிக்கொண்டு சிட்டாகப் பறந்துவிட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சம்பத் கீரைத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வசுமதி வந்து தட்டை நகர்த்திவிட்டு அந்த நோட்டை விரித்து வைத்தாள்.

"இது யார் கையெழுத்துங்க?"

சம்பத் பார்த்தார். நோட்டைப் பார்த்தார், வசுமதியைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். மாங்கொட்டை, ரசம், அவள் முகத்துக் களை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மண்டையில் வந்து இடித்தன. அப்போதும் அசடு வழிய ஒரு சந்தேகம் கேட்டார்.

"அப்போ அந்த அறிவு கெட்ட வீட்டுக்காரன்..."

"நான் அப்படிச் சொல்லல. நீங்கதான் மனுஷனே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அப்போ நீ மட்டும் யோக்கியமா? அடுப்பு எரியக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன் இல்ல?"

"இந்த வீட்டுல எரியக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? இந்த வீட்டுல எரியலியே. ஜெசிந்தா டீச்சர் வீட்டுலதான் எரிஞ்சுது." அவள் குரலில் கோபமேயில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. "ஒரு வாய் தின்னா மெஸ் வெச்சிக்கோன்னீங்க. எத்தனை வாய் தின்னீங்க?"

சம்பத் நோட்டை மெல்ல மூடினார். கேரியர் கணக்குக்கு எந்தப் புருஷன் பதில் சொல்லியிருக்கிறான்? கடைசியில் தோற்றதுதான் தோற்றோம், சூடாக ஒரு வாய் சோறாவது கிடைக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். உண்மையில் அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

"சரி, மெஸ்ஸை ஆரம்பி. நான் குறுக்க வரமாட்டேன். எனக்கு அதுல ஒரு வேலையும் கெடையாது, சாப்பிடறதைத் தவிர."

வசுமதி மூலையிலிருந்த பெரிய பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு நாற்பது பேருக்குக் கீரைக் கடையல், காலை அஞ்சரைக்கெல்லாம் மார்க்கெட்ல நில்லுங்க. மெஸ்ஸுக்குக் கீரை வாங்க ஒரு ஆளைத் தேத்திக் குடுன்னு வேண்டாகிட்ட நீங்க சபதம் போட்ட அன்னைக்கே சொல்லி வெச்சேன். நாற்பத்தெட்டு நாளாவும்னு சொன்னா. பரவால்ல, முப்பது நாள்லயே தேறிட்டீங்க."