வேப்பமரத்தில் ஒரு போர்ச்சுகீஸ் பாடம்

தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிட்டா பாதிப் பிரச்சினை தீந்துடும். எங்க வம்சத்துல அந்தப் பாதியை இதுவரைக்கும் யாரும் தீத்ததில்ல.

நான் திருமானூர்ல உரக்கடை வச்சிருக்கேன். பையன் டேவிட்டு பிரேசில்ல கம்ப்யூட்டர் வேலை. ஒரு நாள் போன்ல, "அப்பா, லூயிஸான்னு ஒரு பொண்ணு..."ன்னு இழுத்தான். அவங்களும் நம்மள மாதிரி மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்கதான், அதுல தகராறு இல்ல. பொண்ணோட அப்பாதான் அரை மனசா இருந்தாரு. பெரிய டவுன்ல பல் டாக்டர். ஒரே மக. "மாப்பிள்ளை வூட்டை நேர்ல பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்"னுட்டாரு. (பொண்ணைப் பெத்தவங்க எந்த நாட்டுலயும் ஒரே மாதிரிதான் போல.)

"அவ அப்பா அம்மாவுக்கு நம்ம பாஷையும் தெரியாது, இங்கிலீஷும் வராதுப்பா. நானும் லூயிஸாவும் பேசிக்கிறோம். நீங்க சிரிச்சுக்கிட்டு மட்டும் இருங்க"ன்னான்.

"நீ கூட்டிட்டு வாடா. நான் போர்ச்சுகீஸ்லயே பேசி அசத்திடுறேன்."

"வேணாம்ப்பா, சிரிச்சாப் போதும்"னுட்டு அவசரமாப் போனை வச்சுட்டான்.

போன்ல தேடுனா போர்ச்சுகீஸ் பாடம் ஒண்ணு இலவசமாக் கெடைச்சுது. இலவசம்னா நான் வேற எதையும் பாக்குறதில்ல. முதப் பாடத்துல 'வணக்கம், என் பேரு'ன்னு வரும்னு உக்காந்திருந்தா, ஒரு குரங்கு வந்துது. அது அமேசான் காட்டை வச்சு பாஷை சொல்லித் தர்ற பாடமாம். ஜாகுவார் ஆத்துல தண்ணி குடிக்குது. பஞ்சவர்ணக்கிளி ஜோடியாப் பறக்குது. காட்டுல குடியிருக்குற பொம்பளைங்க மரவள்ளிக்கெழங்கு துருவுறாங்க. மனுசங்க பேசுற பேச்சு எப்படா வரும்னு நானும் காத்துக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் மிருகம்தான் வந்துது.

ஆனா மண்டையில ஏறிடுச்சு. யூரியா கேட்டு வந்தவரை ஜாகுவார் பத்திப் போர்ச்சுகீஸ்ல விசாரிச்சேன். அவரு பக்கத்துக் கடைக்குப் போயிட்டாரு.

"வூட்டுல ஒரு மூடி தேங்கா துருவித் தந்ததில்ல, அமேசான்ல கெழங்கு துருவப் போயிட்டாரு"ன்னா என் பொண்டாட்டி ஸ்டெல்லா.

இதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா வெளிநாட்டுச் சம்பந்தி வராரு, வாசல்ல பிளெக்ஸ் இல்லாம எப்படி? அரியலூர்ல பிளெக்ஸ் கடை வச்சிருக்குற செந்திலுகிட்ட சம்பந்தியோட போட்டோவைக் குடுத்தேன்.

"கிரீடம் வச்சிரலாமாண்ணே? நேத்து ஒரு காதுகுத்துக்கே சிங்காசனம் போட்டேன்."

"நம்ம ஊரு கிரீடம் வேணாம்பா. அவங்க ஊரு கிரீடமா இருக்கட்டும்"னு சொல்லி, பாடத்துலேர்ந்து ஒரு படத்தை அனுப்புனேன். தலை நெறைய கலர் கலரா இறகு வச்ச ஒரு பழங்குடித் தலைவர். செந்தில் அந்த ஒடம்புல பல் டாக்டர் மூஞ்சை அளவெடுத்தாப்ல ஒட்டிட்டான். பக்கத்துல ஜாகுவார், வால்ல மாலையோட. கீழ, எனக்குத் தெரிஞ்சதுலயே கௌரவமான வாக்கியத்தைப் போர்ச்சுகீஸ்ல போடச் சொன்னேன்: 'காடு எல்லாருக்கும் வீடு. அதைக் கொளுத்தாதீர்கள்.'

வாசல் வேப்பமரத்துக்கும் எதுத்தாப்ல இருந்த தென்னைக்கும் நடுவுல கட்டியாச்சு. எட்டூருக்குத் தெரியும்.

கார்லேர்ந்து சம்பந்தி எறங்குனாரு. அண்ணாந்து பாத்தாரு. படிச்சாரு. மூஞ்சி செவந்துடுச்சு. சம்பந்தியம்மா அவரு கையைப் புடிச்சுக்கிட்டாங்க. டேவிட்டு என்னைப் பாத்த பார்வையில, இவரு எனக்கு அப்பாவே இல்லங்குற முடிவு தெரிஞ்சுது.

சம்பந்தி ஏதோ மெதுவாச் சொன்னாரு. லூயிஸா தயங்கித் தயங்கி இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்னா. டேவிட்டு தமிழாக்குனான்: "அது வேஷம் இல்லையாம்ப்பா. அந்த சனங்க அவங்க பெரியவருக்கு மட்டும் வைக்கிற இறகாம். 'நான் பல்லு புடுங்குறவன். அதைத் தலையில வைக்க எனக்கு என்ன தகுதி? அந்தக் காட்டுப் பக்கமே நான் போனதில்ல. அதை எரிக்காதேன்னு என்னை ஏன் மெரட்டுறாரு?'ங்குறாரு."

மன்னிச்சுக்குங்கன்னு சொல்லணும். பாடத்துல எந்த மிருகமும் மன்னிப்புக் கேக்கல. எனக்கு வேற வழி தெரியல. ஏணியைச் சாத்துனேன், வேட்டியை மடிச்சுக் கட்டுனேன், விறுவிறுன்னு வேப்பமரத்துல ஏறி பிளெக்ஸை அவுத்துட்டேன். அவுத்த வேகத்துல பிளெக்ஸ் சரிஞ்சு, ஏணியையும் கூட்டிக்கிட்டுக் கீழ போயிடுச்சு.

கெளையைக் கட்டிப் புடிச்சுத் தொங்குறேன். கீழ ரெண்டு நாட்டு சம்பந்திக் குடும்பம். வேட்டிக்குள்ள கட்டெறும்பு.

"பாத்து எறங்குங்க! பாத்து எறங்குங்க!"ன்னு ஸ்டெல்லா கத்துறா. எதுல எறங்குறது?

ஏதாவது சொல்லியாகணும். அப்பத்தான் ஒரு பாடம் ஞாபகம் வந்துது. அமேசான்ல நம்ம தேவாங்குக்குப் பெரியப்பா மாதிரி ஒரு பிராணி, எப்பவும் மரத்துலயே தொங்கும். அந்த வாக்கியத்தை மேலேர்ந்து சத்தமாச் சொன்னேன்:

"ஓ பீஷு ப்ரெகீஸா டெஸி டா ஆர்வொரி உமா வெஸ் போர் செமானா!"

'இந்தப் பிராணி வாரத்துக்கு ஒரு தடவைதான் மரத்தை விட்டு எறங்கும்'னு அர்த்தம்.

முதல்ல அந்தம்மா சிரிச்சாங்க, அப்படியே கார்ல சாஞ்சுக்கிட்டு. அப்புறம் லூயிஸா. சம்பந்தி உதட்டை இறுக்கிப் பாத்தாரு, முடியல. முப்பத்திரண்டு பல்லும் தெரிஞ்சுது. பல் டாக்டரு, நல்லா வச்சிருந்தாரு. அப்புறம் அவரே ஏணியைத் தூக்கிச் சாத்தி, நான் எறங்குற வரைக்கும் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு. ஸ்டெல்லா சொன்னதைக் கேட்டு, அவரும் தட்டுத் தடுமாறி, "பாத்து எறங்குங்க"ன்னாரு.

சாயந்திரம் மரவள்ளிக்கெழங்கை ரெண்டாந் தடவை கேட்டு வாங்கிச் சாப்ட்டுட்டு, மகளை விட்டு முடிவைச் சொன்னாரு: "தப்புன்னு தெரிஞ்சதும் வேற யாரையும் ஏவாம தானே மரம் ஏறுன மனுசன் வூட்டுல என் பொண்ணு நல்லா இருப்பா."

(ஏவுறதுக்கு ஆள் இல்ல. இருந்திருந்தா ஏவியிருப்பேன். இதை அவருகிட்ட இன்னும் சொல்லல.)

பக்கத்துல ஏலாக்குறிச்சி மாதா கோயில்லயே கல்யாணம் ஆச்சு. வரவேற்பு மேடையிலேர்ந்து போட்டோ எடுத்துட்டு நான் எறங்குறப்ப, மைக்கை வாங்கி சம்பந்தி ஒரே ஒரு வாக்கியம் பேசுனாரு. மண்டபமே சிரிச்சுது.

அவருக்கு இன்னிக்கு வரைக்கும் வேற தமிழ் வரல, வணக்கம்கூட. வீடியோ கால்ல மூஞ்சி தெரிஞ்சதும், "பாத்து எறங்குங்க"ம்பாரு.

நான் நாற்காலியிலதான் உக்காந்திருப்பேன். இருந்தாலும் ஒரு தடவை கீழ பாத்துக்குவேன்.