வேகத்தடை முருகன்

மதிப்பிற்குரிய சிவப்பிரகாசம் பாவா அவர்களுக்கு,

அடுத்த தெருவிலிருந்து உங்கள் மைத்துனன் பிரேம்குமார் எழுதுவது. இங்கே நானும் ஷாலினியும் துர்காவும் ஷேர் ஆட்டோவும் நலம். அங்கே நீங்களும் கயல்விழி அக்காவும் நலமா என்று கேட்க வேண்டியதில்லை. என் மகள் தினமும் வந்து ஒப்பிக்கிறாள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவனுக்குக் கடிதம் எதற்கு என்பீர்கள். உங்கள் தெருவின் போட்டோவை, அதிலும் வேப்பமரத்தடி பெஞ்சில் நீங்கள் கால்மேல் கால் போட்டிருக்கும் போட்டோவை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் பதினொன்று போட்டீர்கள். அன்றே நான் வெளியேறிவிட்டேன். நேரில் போனால் நீ கத்துவாய் என்கிறாள் என் வீட்டுக்காரி ஷாலினி. அதனால் இதைத் துர்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். எப்படியும் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளோடு அங்கேதான் வருவாள்.

பாவா, உங்கள் தெருவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மறைக்க என்ன இருக்கிறது? எட்டு வயதுப் பெண் உங்கள் தெருவை ‘நம்ம தெரு’ என்கிறாள், எங்கள் தெருவை ‘நைனா தெரு’ என்கிறாள், அப்பன் தெருவாம். அங்கே பிள்ளைகள் நடுரோட்டில் ஷட்டில் ஆடுகின்றன, பைக்கில் வருகிறவன் காலை ஊன்றி ஊன்றிப் போகிறான், கார்க்காரன் கண்ணாடியை இறக்கி வழி கேட்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு தெருவும் ஒரே லட்சணம்தானே. கனகம்மாசத்திரம் பக்கமிருந்து வரும் வேனெல்லாம் பஸ் ஸ்டாண்டு நெரிசலுக்குப் பயந்து நம் இரண்டு தெருவிலும் புகுந்து தணிகை மலையடிவாரத்துக்குப் பறக்கும். வேகத்தடை கேட்டு நான்தான் முதலில் நகராட்சியில் மனு கொடுத்தேன். “உங்க தெருவுல யாராச்சும் செத்துருக்காங்களா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். “அப்புறம் இன்னா?” என்றார்கள். சாகாததால் எங்களுக்குத் தகுதியில்லை. பெரிய மனுஷன் ஒருவர் வீட்டு வாசலில் நாற்பதடிக்குள் மூன்று வேகத்தடை இருக்கிறது. அங்கேயும் யாரும் சாகவில்லை. அந்த வீட்டிலிருந்து யாரும் நடந்து வெளியே வந்தே நான் பார்த்ததில்லை.

நான் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆட்டோ ஓட்டப் போனேன், நீங்கள் கூட்டம் போட்டீர்கள். அக்காவும் இன்னும் எட்டுப் பெண்களும் காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூட நேரத்தில் எத்தனை வண்டி போகிறது என்று எண்ணினார்கள். எங்கெங்கே கடக்கப் பயமோ அங்கெல்லாம் பிள்ளைகளை விட்டுச் சாக்பீசில் வட்டம் போடச் சொன்னீர்கள். அதைப் படமாக வரைந்துகொண்டு தெருவே திரண்டு நகராட்சிக்குப் போனது. ஆறு மாதம் நடந்தீர்கள். நடுவில் அக்கா எங்கள் வீட்டுக்கும் வந்து, “ரெண்டு தெருவும் சேந்து கேக்கலாம்டா. எங்க தெருவ மட்டும் சரி பண்ணா வண்டியெல்லாம் உங்க தெருவுல வந்து பூந்துக்கும்” என்றாள். நான் வரவில்லை என்றேன். முதலில் மனு கொடுத்தவன் நான், நீங்கள் தலைவர், நான் உங்கள் பின்னால் நோட்டீஸ் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா? அந்த வீம்புதான், வேறொன்றும் இல்லை.

அக்கா சொன்னபடியே ஆயிற்று. உங்கள் தெரு முனையில் சிமென்ட் தொட்டி வைத்து வழியைக் குறுக்கினார்கள், ரோட்டை வளைத்து வளைத்துப் போட்டார்கள், அகலமான மேடு போட்டார்கள். உங்களிடம் பாச்சா பலிக்காத வேனெல்லாம் எங்களிடம் வந்தது. ஒருநாள் காலையில் கேட்டுக்கு வெளியே கால் வைத்த துர்காவின் செருப்பை ஒரு வேன் இழுத்துக்கொண்டு போனது. செருப்பு போனது, கால் தப்பியது. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இந்தத் தெருவில் சைக்கிளில் ஏறக் கூடாது, மாமா தெரு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஏறு என்று.

உங்களுக்கு இருக்கும் தெரு எனக்கு இருக்கக் கூடாதா என்று, அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு மூட்டை சிமென்ட் கொண்டுவந்து நானே ஒரு வேகத்தடை போட்டேன். கூட்டமுமில்லை, சாக்பீசுமில்லை. கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று மஞ்சள் பெயின்ட் அடித்து, குறுக்கே மூன்று வெள்ளைக் கோடு போட்டு, நடுவில் பழைய ஆட்டோவிலிருந்து கழற்றிய சிவப்பு ரிஃப்ளெக்டரைப் பதித்தேன். அது என்ன மாதிரி இருக்கிறது என்று திருத்தணியில் பிறந்தவன் யோசித்திருக்க வேண்டும். மறுநாள் காலை வந்த முதல் வேன் நின்றது. ஒரு அம்மா இறங்கி, பட்டை போட்டுப் பொட்டு வைத்த மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனார். அடுத்த வண்டி தேங்காய் உடைத்தது. மலையடிவாரத்தில் பூஜை போட வந்த புதுக் காரெல்லாம் இங்கேயே நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போக ஆரம்பித்தன. எதிர்வீட்டுக் குப்பம்மாள் வாசலில் பூ விற்கிறார். பத்தே நாளில் பெயரும் வைத்துவிட்டார்கள், வேகத்தடை முருகன். இங்கே பிரேக் போட்டவனுக்கு வாழ்நாளில் விபத்து வராதாம்.

வண்டி வேகத்தைக் குறைக்கச் சொன்னேன் பாவா, மொத்தமாக நின்றுவிட்டது. என் ஆட்டோவையே வெளியே எடுக்க முடியவில்லை. ஒருநாள் கடப்பாரையோடு போனேன். குப்பம்மாள் குறுக்கே வந்து, “சாமிய இடிக்கப் போறியா? இடி. முதல்ல எம்மேல போடு” என்றார். “அது நான் போட்ட சிமென்ட்டும்மா” என்றேன். “ஆங், எல்லாச் சாமியும் யாரோ ஒருத்தன் வெச்சதுதான்” என்றார். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஆகவே, உங்கள் தெருவில் மூன்று நாளாகத் திரும்பவும் வேன்கள் புகுந்துகொண்டிருக்கின்றன என்று அக்கா கோபமாக ஷாலினியிடம் சொன்னாளாம், அதற்கு நான் பொறுப்பில்லை. எங்கள் தெருமுனையில் நின்று வண்டிகளை யாரோ கைகாட்டித் திருப்பிவிடுகிறார்கள் என்றாளாம், அதற்கும் நான் பொறுப்பில்லை. இந்த ஞாயிறு நீங்கள் போடும் கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். என்னைத் தேடி அக்காவை அனுப்ப வேண்டாம். துர்காவுக்கும் இனி அங்கே வேலையில்லை, இந்தக் கடிதம் கொடுக்க வருவதே கடைசி. உங்கள் தொட்டி, உங்கள் பெஞ்சு, உங்கள் வேப்பமரம் எல்லாம் உங்களோடேயே இருக்கட்டும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு என் வணக்கம். தணிகை முருகன் அருளால் இரண்டு வீட்டிலும் எல்லாரும் கையும் காலும் சுகமாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
பிரேம்குமார்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து வைத்துக்கொண்டு துர்காவுக்காகக் காத்திருந்தேன் பாவா. அவளோ பள்ளிக்கூடத்திலிருந்து நேராக உங்கள் தெருவுக்குப் போய்விட்டிருக்கிறாள். நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். முட்டி தேய்ந்திருக்கிறது, சைக்கிளின் முன்சக்கரம் எட்டாக வளைந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டீர்கள். எந்த வேன் என்று நான்தான் அவளைக் கேட்டேன். நீல வேன், முன்னால் மாலை போட்டிருந்தது என்றாள். அந்த வேனை எனக்குத் தெரியும். நான் அவளுக்காகக் காத்திருந்தபோது எங்கள் தெருமுனையில் வந்து நின்று, ஏன் இத்தனை கூட்டம் என்று டிரைவர் தெலுங்கில் கேட்டான். “எடம வைப்பு போண்டி, ரோடு காலி” என்று தெலுங்கிலேயே சொல்லி, இடதுபக்கம் உங்கள் தெருவைக் கைகாட்டியது நான்தான். மூன்று நாளாகக் காட்டியதும் நான்தான்.

ஞாயிறு கூட்டம் எத்தனை மணிக்கு? குப்பம்மாளும் வருகிறாராம், சாமியை ஓரமாக நகர்த்தலாம், இடிக்கத்தான் கூடாது என்கிறார். எனக்குத் தலைவர் பதவி வேண்டாம், வண்டி எண்ண ஒரு நாற்காலி போதும். துர்கா தூங்குகிறாள். அவளால் நடக்க முடியாது, இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். கதவைச் சாத்திவிடாதீர்கள்.